மூன்றாம் மாடி இணைப்பு

"செவப்பு எரியுதே, அது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார் கணவர்.

"கெட்டது."

"அப்ப பச்சையா எரியறதெல்லாம்?"

"அதெல்லாம் கரண்ட் இருக்கு, டப்பா உயிரோட இருக்குன்னு சொல்ற விளக்குங்க. நமக்கு வேணுங்கறது அந்த நாலாவதுதான்."

காய்ச்சல் கண்ட குழந்தையைப் பார்ப்பதுபோல இருவரும் மோடத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மணி எட்டேகால். பத்து மணிக்கு அவளுக்குத் தேர்வு. இந்த வீட்டிலேயே, படுக்கையறை மேசையில், இணையம் வழியாக.

அவள் ஒரு மருத்துவமனையின் பதிவறையில் வேலை பார்த்தாள். பேருக்குத்தான் எழுத்தர். அங்கிருந்த முப்பத்திரண்டு கணினிகளுக்கும் பதினோரு வருடமாக அவள்தான் எல்லாம். பழைய மென்பொருள் ஒரேயடியாகப் படுத்துவிட்ட சமயத்தில், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய லினக்ஸை அவளாகவே படித்து, ஒவ்வொரு கணினியாக ஏற்றி ஓட வைத்தாள். அன்று முதல் அவளுக்கு 'லினக்ஸ் அக்கா' என்று பெயர். டாக்டர்கள் பாதிப் பேருக்கு அது அவளுடைய சொந்தப் பெயர் என்றே எண்ணம்.

புதிதாக வந்த நிர்வாக அதிகாரி மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை.

"இதுக்கெல்லாம் நீங்க சான்றிதழ் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பதினோரு வருஷமா ஒரு நாள்கூட நின்னதில்ல சார்."

"அது சரி. சான்றிதழ்?"

திங்கட்கிழமைக்குள் காட்டாவிட்டால் கணினிகள் வெளியார் கைக்குப் போய்விடும். அவள் கீழ்த்தளத்தில் கோப்பு அடுக்கப் போக வேண்டும். அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது.

அந்தச் சான்றிதழ்த் தேர்வுக்கு விதிகள் பல. அறையில் அவளைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. கதவு சாத்தியிருக்க வேண்டும். கேமரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டே இருப்பார். இடத்தைவிட்டு எழுந்தால் ரத்து. வேறு யாராவது பேசி உதவினால் ரத்து. இணைப்பு அறுந்து மூன்று நிமிடத்தில் திரும்பாவிட்டால் ரத்து.

இதையெல்லாம் அவள் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கணவர் உதவி செய்ய முடிவெடுத்து, மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். இப்போது மூன்று விளக்குகள் சிவப்பாக எரிந்தன.

"இப்ப?" என்றார்.

"இப்ப ரொம்பக் கெட்டது."

தன் பட்டன் போனிலிருந்து இணைய நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். பாட்டு அரை மணி நேரம் பாடியது. பிறகு ஒரு குரல் வந்தது.

"வணக்கம் மேடம். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறது விண்டோஸா?"

"லினக்ஸ். ஆனா கோளாறு கம்ப்யூட்டர்ல இல்லைங்க. உங்க லைன்ல."

"லினக்ஸ்... அது எந்தக் கம்பெனி போன் மேடம்?"

"போன் இல்லைங்க."

"எங்க பட்டியல்ல அது இல்லையே. அப்ப கோளாறு அதுலதான் இருக்கணும்."

அவள் மணியைப் பார்த்தாள். கணவர் கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, விண்டோஸ்தான்," என்றாள்.

"அப்படிச் சொல்லுங்க. இடது பக்கம் கீழ் மூலையில ஒரு பட்டன் இருக்கும், அழுத்துங்க. அழுத்திட்டீங்களா?"

"அழுத்திட்டேன்."

"என்ன தெரியுது?"

"வழக்கமா என்ன தெரியுமோ அதுதான் தெரியுது."

பதினெட்டு நிமிடம் அவள் தன்னிடம் இல்லாத ஒரு கணினியை இயக்கினாள். குரல் சொன்னதையெல்லாம் திறந்தாள், மூடினாள், அணைத்துப் போட்டாள். அது திரும்ப எழுந்திருக்க ஆகும் நேரத்தைக்கூட நேர்மையாகக் காத்திருந்தாள். கடைசியில் குரல் திருப்தியாகச் சொன்னது: "உங்க கம்ப்யூட்டர் ரொம்ப நல்லா இருக்கு மேடம். கோளாறு எங்க லைன்லதான். இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள சரியாயிடும்."

மணி ஒன்பதே கால்.

அந்தக் கட்டடம் முழுக்க ஒரே கேபிள்தான். பக்கத்து வீட்டில் கேட்டும் பயனில்லை. மிச்சமிருந்தது கணவரின் போன். அதிலிருந்து மடிக்கணினிக்கு இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் பேசுவதற்கு மேல் போனுக்குச் சிக்னல் கிடைப்பது அபூர்வம். கணவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறை, கூடம், குளியலறை என்று ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தார். எங்கும் ஒரு கோடு. சில இடத்தில் அதுவும் இல்லை. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியபோது மட்டும் மூன்று கோடு எழுந்தது. கையை உள்ளே இழுத்தால் படுத்துக்கொண்டது.

துணி காயப்போடும் கம்பின் நுனியில் போனைக் கட்டி, ஜன்னல் கம்பி இடுக்கில் வெளியே நீட்டினார்கள். மடிக்கணினியில் இணைப்பு வந்தது. அவள் மூச்சு விட்டாள். ஒன்பது நாற்பதுக்குத் திரையில் கண்காணிப்பாளரின் குரல் வந்தது. ஏற்ற இறக்கமே இல்லாத, மிக மரியாதையான ஆண் குரல்.

"அறையைச் சுத்திக் காட்டுங்க மேடம்... ஜன்னல்ல அது என்ன கம்பு?"

"துணி காயப்போடற கம்பு சார்."

"அதோட நுனியில?"

"போன்."

"அறைக்குள்ள போன் இருக்கக் கூடாது மேடம்."

"போன் வெளியிலதான் சார் இருக்கு. கம்புதான் உள்ள இருக்கு."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"போனோட சேர்ந்த எந்தப் பொருளும் அறைக்குள்ள இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு மேடம். எடுத்துட்டு பத்து மணிக்குள்ள திரும்ப வாங்க."

கம்பை உருவியதும் குரலும் போயிற்று.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கீழ்த்தளத்துக் கோப்பு அறைக்கு ஜன்னல் உண்டா இல்லையா என்று நினைத்துப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் அதைக் கவனித்ததே இல்லை.

கணவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே, இரண்டாம் மாடி வீட்டின் சன்ஷேடு இரண்டடி அகலத்தில் நீண்டிருந்தது. பால்கனிச் சுவரைத் தாண்டினால் அதில் கால் வைக்கலாம்.

"நான் அங்க நிக்கறேன்," என்றார்.

அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். நாள் முழுக்க உட்கார்ந்தபடி வேலை. வீட்டில் பல்பு மாற்றுவதற்கும் அவளைத்தான் கூப்பிடுவார்.

"நீங்களா? நாற்காலி மேல ஏறினாலே கண்ணை மூடிக்குவீங்களே."

"கண்ணை மூடிக்கிட்டே நிக்கறேன். உனக்குக் கைதானே வேணும்?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதை நினைத்துப் பின்னால் பல நாள் வெட்கப்பட்டாள். "சத்தம் மட்டும் வரக் கூடாது," என்றாள். "உங்க குரல் கேட்டா எல்லாம் போச்சு. நான் சொல்ற வரைக்கும் கை அசையக் கூடாது."

"அசையாது."

பால்கனியிலிருந்து அவர் இறங்கிய விதத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை. கீழே 'தொப்' என்று ஒரு சத்தம். பிறகு ஜன்னலின் வலது ஓரத்தில் இடது கை வந்து கம்பியைப் பற்றிக்கொண்டது. இன்னொரு கை, போனோடு, வெளியே நீண்டு நின்றது. மடிக்கணினிக்கு மேலாக அவள் கண்ணுக்கு அது தெரிந்தது. கேமராவுக்குத் தெரியவில்லை. இணைப்பு வந்தது.

பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. தொண்ணூறு நிமிடம், அறுபது கேள்விகள்.

முதல் பத்துக் கேள்விகளை அவள் பதிவறையில் நடப்பதுபோல நடந்து கடந்தாள். நின்றுபோன கணினியை எப்படி எழுப்புவது, அழிந்த கோப்பை எங்கே தேடுவது. எல்லாம் அவள் கையாலேயே செய்த காரியங்கள். அவ்வப்போது கண் தானாக அந்தக் கைக்குப் போயிற்று.

"மேடம், கண்ணைத் திரையில வையுங்க."

"சரி சார்."

பன்னிரண்டாவது கேள்வியில் தெருவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. இரண்டாம் மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற டீச்சர். தன் ஜன்னலுக்கு மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டுக் கீழே இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

"ஐயோ, தம்பி! அங்க என்ன பண்றீங்க? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம், இறங்கி வாங்க!"

கணவர் பதில் பேசக் கூடாது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் சைகையும் செய்ய முடியாது. அவரால் முடிந்தது தலையாட்டுவது ஒன்றுதான். 'மாட்டேன்' என்று ஆட்டினார்.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

உண்மையைத்தான் சொன்னார்: 'ஆமாம்' என்று ஆட்டினார்.

"சம்சாரம் வீட்டுலதான் இருக்காங்களா?"

ஆமாம்.

"நீங்க இங்க நிக்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

ஆமாம்.

தெருவில் பலர் சேர்ந்துவிட்டது குரல்களில் தெரிந்தது. "தெரிஞ்சும் உள்ளயே உட்கார்ந்திருக்காளா?" என்று யாரோ கேட்டார்கள். "பொம்பளையா அவ?" என்றார் இன்னொருவர். "எவ்வளவு அமைதியான மனுஷன், இப்பவும் ஒரு வார்த்தை குறை சொல்றாரா பாருங்க," என்றார் டீச்சர் தழுதழுத்த குரலில். "கூப்பிடுங்க தீயணைப்புக்கு!"

அவளுக்குக் காது சிவந்தது. எழுந்து போய் ஜன்னலில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்தால் ரத்து.

"மேடம், வெளிய யாரோ பேசறாங்க."

"தெருவுல சார்."

"உங்களுக்கு விடை சொல்றாங்களா?"

"இல்லை சார். என்னைத் திட்டறாங்க."

"திட்டறதுல விடை எதுவும் இருக்கா மேடம்?"

"இதுவரைக்கும் இல்லை சார்."

"அப்ப எழுதுங்க."

இருபத்தோராவது கேள்வியில் மழை பிடித்துக்கொண்டது. தூறலாக இல்லை, எடுத்த எடுப்பிலேயே பெருமழை. ஜன்னல் கம்பியைப் பற்றியிருந்த விரல்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. இருபத்தாறாவது கேள்வி பாதியில் திரை சாம்பல் நிறமாகி உறைந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. இணைப்பு துண்டிக்கப்பட்டது, மீதி நேரம் மூன்று நிமிடம் என்று எழுத்து வந்தது.

கண்காணிப்பாளர் இப்போது இல்லை. கூப்பிட்டால் கணவருக்குக் கேட்கும். ஆனால் கேமரா தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. அவள் கையைப் பார்த்தாள். அந்தக் கை மழையில் மெல்ல இன்னும் உயரே போயிற்று, தோள் நோக எட்டாத ஒன்றை எட்டுவதுபோல. இரண்டு நிமிடம். ஒரு நிமிடம் நாற்பது. ஒரு நிமிடம் பத்து.

வட்டம் நின்றது. கேள்வி திரும்ப வந்தது.

"திரும்ப வந்துட்டீங்க மேடம். தொடருங்க," என்றது குரல்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் எழுதினாள். துடைத்தால் கை முகத்தை மறைக்கும், அதற்கும் ஒரு விதி இருந்தது.

சிறிது நேரத்தில் சைரன் கேட்டது. ஏணி சுவரில் உரசும் சத்தம், பூட்ஸ் கால் ஏறும் சத்தம்.

"மேடம், இப்ப என்ன சத்தம்?"

"தீயணைப்பு வண்டி சார்."

"உங்க கட்டடத்துல தீயா? அப்படின்னா நீங்க வெளியேறலாம். தேர்வு ரத்தாகும்."

"தீ இல்லை சார். என் வீட்டுக்காரரை இறக்க வந்திருக்காங்க."

காகிதங்கள் வெகுநேரம் புரண்டன.

"அதுக்கு விதி எதுவும் இல்லை மேடம்," என்றது குரல் கடைசியில். அதில் முதல் முறையாக ஒரு நடுக்கம் இருந்தது. "எழுதுங்க."

வெளியே ஒரு கனத்த குரல், "சார், மெதுவா என் தோளைப் பிடிச்சுக்குங்க," என்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் பத்தொன்பது கேள்விகள் இருந்தன. கை இறங்கப்போகிறது, இதோ இறங்கிவிடும் என்று காத்திருந்தாள்.

கை இறங்கவில்லை. முணுமுணுவென்று ஏதோ பேச்சு, என்னவென்று கேட்கவில்லை. அதன் பிறகு கையுறை போட்ட இன்னொரு கை வந்து கணவரின் முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டது. இரண்டு கைகளும் மழையில் அப்படியே நின்றன. தெருவில்கூடப் பேச்சு அடங்கிவிட்டது.

பதினொன்று இருபத்தேழுக்கு அவள் கடைசி விடையை அழுத்தினாள். திரை யோசித்துவிட்டு, 'தேர்ச்சி' என்று காட்டியது.

"வாழ்த்துகள் மேடம். நீங்க இப்ப எழுந்திரிக்கலாம்," என்ற குரல், கொஞ்சம் தாழ்ந்து, "அவரை இறக்கிட்டாங்களான்னு பாருங்க மேடம்," என்றது.

நாற்காலி சாய அவள் ஜன்னலுக்கு ஓடினாள். "முடிஞ்சுதுங்க! பாஸ்! பாஸ் பண்ணிட்டேன்!"

அப்போதுதான் கணவர் கண்ணை முழுதாகத் திறந்தார். தலையில் தீயணைப்பு வீரரின் ஹெல்மெட் இருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கீழே பார்த்தார். ஒன்றரை மணி நேரமாக அடக்கி வைத்திருந்த சத்தம் அத்தனையும் ஒரே அலறலாக வெளியே வந்தது.

அவரை இறக்கி, மேலே கொண்டுவந்து, கூடத்தில் துண்டைப் போர்த்தி உட்கார வைத்தார்கள். டீச்சர் அவளை முறைத்துக்கொண்டே உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்த முறைப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

அவள் கணவரின் வலது கையைத் தேய்த்துவிட்டாள். அது இன்னும் போனைப் பிடித்த வடிவத்திலேயே மடங்கியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனை எடுத்தாள். உள்ளே தண்ணீர் புகுந்து, உயிரில்லாமல் கிடந்தது. அப்போதுதான் மோடத்தைப் பார்த்தாள். நான்கு விளக்குகளும் பச்சையாக எரிந்தன.

"இது எப்ப வந்துச்சு?"

"மழை வந்தப்பவே வந்துடுச்சேம்மா," என்றார் டீச்சர். "குடை எடுக்க உள்ள போனப்ப என் வீட்டு டிவி தானாப் பாட ஆரம்பிச்சுதே. நெட்டு வந்தாத்தான் அது பாடும்."

அவளுக்கு எல்லாம் விளங்கியது. திரை உறைந்தபோதே போன் போய்விட்டது. ஒரு நிமிடம் பத்து நொடி மிச்சம் இருந்தபோது திரும்பி வந்தது வீட்டு இணைப்பு. தேர்வுத் திரை மற்றதையெல்லாம் மறைத்துவிட்டதால் அவளுக்குத் தெரியவில்லை. மடிக்கணினி தானாகவே இதைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இந்த மனுஷன் கொட்டுகிற மழையில், செத்துப்போன போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஐயோ, என்னங்க இது? ஒண்ணுமே தெரியாம ஒரு மணி நேரம் வீணா நின்னிருக்கீங்களே! யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

கணவர் துண்டால் முகத்தை நன்றாக மூடிக்கொண்டு தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

வாசலில் நின்று படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர் நிமிர்ந்தார்.

"ஏணியில ஏறினதும் மொத வேலையா அதைத்தாம்மா சொன்னேன், 'போன் அணைஞ்சு கிடக்கு சார், இறங்குங்க'ன்னு, 'தெரியும் சார், ஆனா நான் கையை எடுத்தா அவ கை நடுங்கும்'னு காதோட காதா சொல்லிட்டாரு."